அரை அங்குலம் தள்ளி நின்ற அம்பு

கிண்டி தொழிற்பேட்டையில் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலைக்காக இரண்டு வருடம் உழைத்தேன். நான் செய்தது தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு கண்ணாடி. மாட்டிக்கொண்டு பம்பைப் பார்த்தால், அடுத்து முடுக்க வேண்டிய போல்ட்டின் மேலேயே பச்சை அம்பு தெரியும். யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்களை ஒட்டுப்போட்டு, அடையாறில் ஒரு மாடியறையில் தனியாக உட்கார்ந்து அதற்கான நிரலை எழுதினேன்.

அறையில் எல்லாம் சரியாக வந்தது. தொழிற்சாலையில், எண்ணெய் படிந்த இரும்பின் பளபளப்பில் கேமரா ஏமாந்துபோனது. அம்பு அரை அங்குலம் தள்ளி நின்றது.

சோதனைக்கு எனக்குக் கொடுத்தது பம்பு பூட்டும் ஓர் அக்காவை. ஆற்றோரத்து வீட்டை இடித்தபிறகு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அரசு கொடுத்த குடியிருப்புக்குப் போனவர். இரண்டு பஸ் மாறி வருவார்.

"இன்னா சார் இது? போல்ட்டு இங்க கீது, இது அங்க காட்டிக்கினு கீது."

"அடுத்த வாரம் சரியாயிடும்க்கா."

எத்தனை அடுத்த வாரங்கள்! ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி கையை நீட்டினார்.

"வேணாம்க்கா."

"சூப்பர்வைசர் பாத்துக்கினு கீறாரு. குடு சார்."

இஷ்டப்பட்டுத்தான் செய்கிறாரா என்று அதுவரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மறுநாள் அவருடைய இடத்தில் நானே கண்ணாடியோடு உட்கார்ந்தேன். மதியத்துக்குள் கழுத்து இறுகிவிட்டது. மூன்று மணிக்குத் தலை சுற்றியது. நான் பூட்டிய பம்பில் தண்ணீர் ஒழுகியது. அக்கா சிரிக்கவில்லை. அதைப் பிரித்துத் திரும்பப் பூட்டினார்.

கண்ணாடி வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"ரெண்டு வருஷம் கழிச்சு சொல்றீங்களே!"



கண்ணாடிக்குப் பதில் ஒரு பழைய டேப்லெட்டை ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். கீழே வைத்த பெடலைக் காலால் மிதித்தால் அடுத்த படம் வரும். படம் எடுக்கும்போது அக்கா என் தோளைப் பிடித்து நகர்த்தினார். "இங்க நின்னு எடு சார். வேல செய்யறவங்க கண்ணு இங்கதான இருக்கும்." அந்தக் கோணத்தில் எடுத்த படங்கள்தான் இன்றும் ஓடுகின்றன.

கண்ணாடிக்கு எழுதிய நிரல் அத்தனையையும், ஏன் தோற்றது என்ற குறிப்போடு, இணையத்தில் எல்லோருக்குமாகப் போட்டுவிட்டேன். எந்த ஊரோ, யாரோ ஒருவர், மாட்டிக்கொள்பவரைக் கேட்காமலே செய்யும் இதே தப்பைத் தானும் செய்துகொண்டிருந்ததாக எழுதியிருந்தார். மயிலாப்பூர் போகும் பஸ்ஸில் நின்றபடி படித்தேன். பதில் எழுதாமலே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.