கன்னத்தில் ஒற்றிய முட்டை

முட்டையைக் கையில் எடுத்தால் கன்னத்தில் ஒரு தடவை ஒற்றிப் பார்க்காமல் அவள் கீழே வைக்க மாட்டாள். பதினாறு வருடப் பழக்கம் அது. "முட்டைக்கு முத்தம் குடுக்கறா பாரு" என்று பெட்டி அடுக்கும் அக்கா கேலி செய்வாள். இவள் சிரிப்பதோடு சரி. வாய் திறப்பதே அபூர்வம் என்பதால் முட்டைக் கிடங்கில் இவளுக்கு அமுக்குணி என்று பெயர்.

எண்ணெய் தெளிக்கும் இயந்திரத்தில் அவளுக்கு வேலை. முட்டையைக் கழுவினால் ஓட்டிலுள்ள நுண்ணிய துளைகள் திறந்துகொள்ளும். காற்று புகுந்து சீக்கிரம் கெட்டுப்போகும். அந்தத் துளைகளை அடைக்கத்தான் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. எந்த எண்ணெய் பூசலாம் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டிருந்தது. சாப்பிடத் தகுந்ததாக இருக்க வேண்டும், நிறமும் வாடையும் கூடாது, பட்டியலில் இல்லாததைத் தொடவே கூடாது. சுவரில் தொங்கிய அந்தக் காகிதத்தை, ஆறாம் வகுப்போடு நின்றுபோன அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளுக்குக் கன்னம் சொன்னால் போதும். நல்ல எண்ணெய் கன்னத்தில் ஒட்டாது.

புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. மாடிப்படி முடியும் இடத்தில் ஓர் அறை. நாள் முழுக்க அவளோடு பேசும் ஒரே ஆள் அக்காதான். மத்தியானம் கிடங்கின் பின்பக்கம் இரண்டு காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவார்கள். அக்கா தன் டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்து, கேட்காமலே இவள் டப்பாவில் வைப்பாள்.

ஒரு திங்கட்கிழமை முட்டை கன்னத்தில் பிசுக்கென்று ஒட்டியது. தையல் மெஷின் வாடை அடித்தது. டின் பழைய டின்தான், லேபிளும் அதேதான். சாயங்காலம் அதில் ஒன்றை வீட்டில் வேகவைத்தாள். தண்ணீர்மேல் வண்ண வண்ணமாகப் படலம் மிதந்தது.

மறுநாள் சாப்பிடும்போது சொன்னாள். "அக்கா, எண்ணெய் மாறியிருக்கு."

"உனக்கென்ன மோப்ப நாய் மூக்கா? சரக்கு வரலைன்னு தம்பிதான் மெஷினுக்குப் போடற எண்ணெயை ரெண்டு நாளைக்கு ஊத்தி வெச்சிருக்கான். முட்டை ஓட்டையா தின்னப் போறாங்க?"

கிடங்கு மேஸ்திரி அக்காவின் உடன்பிறந்த தம்பி.

"உள்ளேயும் வாடை வருதுக்கா. ஆஸ்பத்திரிக்கும் இந்த முட்டைதான் போகுது."

"அவன் வேலை போயிடும்டி. சும்மா இரு. உனக்குப் பழக்கந்தானே!" அக்கா வழக்கம்போல ஒரு பிடி எடுத்து வைத்தாள். இவள் அதை அப்படியே வைத்து டப்பாவை மூடினாள்.

புதன்கிழமை உணவுச் சோதனை அதிகாரி வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட பெண்மணி. மேஸ்திரி டின்னைத் திருப்பி லேபிளைக் காட்டினான். "எல்லாம் பட்டியல்ல உள்ளதுதான் மேடம்." அவர் படித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். போகிற போக்கில் இவளிடம் நின்று, "என்னம்மா, சௌக்கியமா?" என்றார்.

பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அக்கா இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவள் கை ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் ஒற்றியது. பிறகு அதை அதிகாரியிடம் நீட்டினாள்.

"கன்னத்துல வெச்சுப் பாருங்க மேடம்."

அவர் சிரித்துக்கொண்டே வைத்தார். சிரிப்பு பாதியில் நின்றது. முட்டையை மூக்கருகே கொண்டுபோனார். மேஸ்திரியின் பக்கம் திரும்பி, "அந்த டின்னைத் திறங்க" என்றார்.

மூன்று நாள் முட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்து குழி தோண்டிப் புதைத்தார்கள். மேஸ்திரியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். மத்தியானம் அக்கா, தான் உட்காரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போனாள். போகும்போது, "வாயே திறக்காதவள்னு நம்பி உன்கூட உக்காந்து சாப்பிட்டேன் பாரு" என்றாள்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. எண்ணெய் டின் இப்போது முத்திரையோடு வருகிறது. அதை உடைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது இவள் பொறுப்பு. அக்கா பத்தடி தள்ளி நின்று பெட்டி அடுக்குகிறாள், பேசுவதில்லை. மத்தியானத்தில் இவள் கிடங்கின் பின்பக்கம் ஒரு பெட்டியை மட்டும் கவிழ்த்துப்போட்டுத் தனியாகச் சாப்பிடுகிறாள்.