அம்மா தேடிய பாட்டில்

எங்கள் அண்ணன் ராஜனின் கையிலிருந்து திருவிருந்துக் கிண்ணம் நழுவி விழுந்ததே, அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். திராட்சரசம் வெள்ளைத் துணியெல்லாம் பரவியது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

“அப்பனப் போல மவனும் வெள்ளமடிச்சிட்டாக்கும் வந்திருக்கான்.”

வெள்ளமடிப்பது என்றால் எங்கள் பக்கத்தில் சாராயம் குடிப்பது. என் பக்கத்தில் இருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் பிரியமானவர்களே, உள்ளதைச் சொல்ல வேண்டுமே, அண்ணன் குடித்திருப்பானோ என்று நானும்தான் சந்தேகப்பட்டேன்.

என் பெயர் ஜெபசெல்வி. பனச்சமூடு சந்திப்பில் தையல்கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழில் அளவு சொல்வார்கள், பாதிப்பேர் மலையாளத்தில் குறை சொல்வார்கள். அண்ணன் ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். அம்மா ரோஸ்லெட் என்னோடு இருக்கிறாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. குடிகாரன் வீட்டுப் பெண் என்று தெரிந்ததும், வந்த வரன்கள் எல்லாம் பாறசாலை தாண்டும் முன்பே திரும்பிப் போய்விட்டார்கள்.

அந்தக் குடிகாரன் எங்கள் அப்பா. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அவருக்குக் கால் தடுமாறும். கை தானாக வெட்டி இழுக்கும். ரப்பர் பால் வாளி கவிழும். கோபம் பொசுக்கென்று வரும். ஒரு அறுப்பின் பண்டிகையில், காணிக்கைக்குக் கொண்டுபோன பலாப்பழத்தோடு பீடத்துக்கு முன்னால் விழுந்தார். பண்டிகை நாளில் குடித்துவிட்டு வந்தான் என்று அன்றைய சபை மூப்பர்கள் அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கினார்கள். அவர் சத்தியம் செய்தார். ஒருவரும் நம்பவில்லை.

அம்மாவும் நம்பவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும் வாயை மோந்து பார்ப்பாள். வாடை இராது. ஏலக்காய் மென்றிருப்பார் என்பாள். விறகு அட்டியில், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில், கோழிக்கூட்டுக்கு அடியில் எல்லாம் பாட்டில் தேடுவாள். ஒரு பாட்டில்கூடக் கிடைத்ததில்லை. “ஒளிச்சு வைக்கதுல என்ன கெட்டிக்காரன் பாத்தியா?” என்பாள். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து, “ஆண்டவரே, இவருக்க குடிய மாத்தும்” என்று அழுவாள். அப்பா அந்தத் திருவிருந்துக்கு மறுபடி போகாமலேயே இறந்துபோனார். பிறகு அண்ணன் நடையும் மாறத் தொடங்கியது. அம்மா அதே உபவாசத்தை மகனுக்காகத் தொடர்ந்தாள்.

கிண்ணம் விழுந்த அன்று ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகர் வீட்டுக்கு வந்தார். இந்தச் சபைக்குப் புதிதாக வந்தவர். அண்ணனை உட்காரவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “இது குடி மாதிரி எனக்குத் தெரியல்ல. ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார். திருவனந்தபுரத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார்.

அங்கேதான் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டேன். ஹண்டிங்டன் நோய். மூளையின் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகிற நோய். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. குணமாக்க இன்றுவரை மருந்து இல்லை. அண்ணனுக்கு வந்தாயிற்று. அடுத்தது நான்.

ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் வேண்டாமென்று விடுவதும் என் விருப்பம், நன்றாக யோசித்து வா என்று டாக்டரம்மா சொன்னார். நான் பொறுமைசாலி இல்லை. சரி என்றேன். சபையில் எனக்காகச் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். ஒரு வீட்டார் முடித்ததும் அடுத்த வீட்டார் தொடங்குவார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றே. ஜெபசெல்விக்கு அது இருக்கக் கூடாது.

முடிவு வந்தது. எனக்கும் இருக்கிறது.

கடையைப் பூட்டினேன். ஆலயத்துக்குப் போவதை விட்டேன். ஆண்டவரோடு பிணங்கினேன் என்றே சொல்லலாம். “இத்தனை பேர் கேட்டும் இவ்வளவுதானா உமக்கு மனசு?” என்று அடுப்படியில் நின்று சத்தம் போட்டேன். ஊசி விரலில் குத்தினால் வியாதி தொடங்கிவிட்டது என்று நடுங்கினேன். இருபது வருஷமாகத் தைக்கிறேன், ஊசி எத்தனையோ தடவை குத்தியிருக்கிறது. அதெல்லாம் அப்போது நினைவுக்கு வருமா?

அந்த நிலையில் டாக்டரம்மா கூப்பிட்டார். நோயின் அறிகுறி ஒன்றும் தெரியாதவர்களின் மூளையில் என்ன நடக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். விருப்பம் இருந்தால் ஸ்கேன் எடுக்க வரலாமாம். எனக்கு விருப்பம் இல்லை. அம்மாதான் விடவில்லை.

“நானும் வாறேன். நீ கெளம்பு மக்கா.”

ஸ்கேன் எடுத்து முடிந்ததும் டாக்டரம்மா கணினியில் என் மூளையைக் காட்டினார். அதைப் பார்த்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்! எத்தனை மடிப்பு, எத்தனை நெளிவு! தாயின் வயிற்றில் இருட்டிலே இதை இழைத்த கை எப்பேர்ப்பட்ட கை! தையல்காரி நான், எனக்குத் தெரியும், ஒரு சின்னச் சுருக்கம் சீராக வருவதற்கே எத்தனை தடவை பிரிக்க வேண்டியிருக்கிறது.

நடு ஆழத்தில் ஒரு சிறு பகுதியை டாக்டரம்மா தொட்டுக் காட்டினார். உடம்பின் அசைவுகளை ஒழுங்குபடுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டாம். என்னுடையது கொஞ்சம் சுருங்கத் தொடங்கியிருக்கிறது. நான் என் கையைப் பார்த்தேன். அன்று காலையில்கூட வீட்டில் அம்மாவின் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துவிட்டு வந்த கை.

“அப்படியென்றால் என் கை எப்படி ஒழுங்காக வேலை செய்கிறது?” என்று கேட்டேன்.

மூளையின் மற்றப் பகுதிகள் அதிகமாக உழைத்து அந்தக் குறையை ஈடுகட்டுவதாக ஆராய்ச்சிக்காரர்கள் நினைக்கிறார்கள் என்றார். ஆலயம் கட்டும்போது உத்திரம் சுமந்தவர்களை நினைத்தேன். ஒருவருக்கு முடியாமல் போனால், உத்திரத்தைக் கீழே வைக்காமலே இன்னொருவர் தோளை உள்ளே கொடுப்பார். நான் அடுப்படியில் நின்று ஆண்டவரோடு சண்டை போட்ட நேரத்திலும் என் தலைக்குள்ளே யாரோ தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்கவும் இல்லை, எனக்குத் தெரியவும் இல்லை.

அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“டாக்டரே, இது எப்பம் தொடங்கும்? கையும் காலும் ஆடதுக்கு முன்னேயா?”

“வருஷங்களுக்கு முன்பே தொடங்கும் அம்மச்சி. சிலருக்கு முதலில் கோபம்தான் வரும். நடை தடுமாறும்போது பார்க்கிறவர்கள் குடி என்று நினைத்துவிடுவார்கள்.”

“அப்பம் எனக்க வீட்டுக்காரரு…”

டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் சொன்னார். “குடியல்ல அம்மச்சி, அசுகமாணு.”

நோய். குடி இல்லை, நோய். அம்மா அழுத அழுகையை நான் அப்பாவின் அடக்கத்திலும் பார்த்ததில்லை. “எனக்க தலையில கைவச்சு சத்தியம் செஞ்சாரு மக்கா. நான் நம்பல்லியே. நான் நம்பல்லியே” என்று அதையே சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போது அம்மாவின் கண்ணீர் நின்றுவிட்டது. நெய்யாற்றின்கரை தாண்டியதும் என் தோளைத் தட்டி, “நான் எத்தன வருசம் கேட்டேன், அவருக்க குடிய மாத்தும்னு. இல்லாத குடிய ஆண்டவரு எப்பிடி மாத்துவாரு? அதாக்கும் பதில் வரல்ல” என்றாள். பிறகு சிரித்தாள். அப்பா இறந்தபின் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அவள் கேட்டது குடியில்லாத புருஷனை. அவளுக்கு ஆண்டவர் கொடுத்திருந்ததே குடியில்லாத புருஷனைத்தான்.

என் வியாதி மாறவில்லை. அதை மறைத்துச் சாட்சி சொன்னால் அது சாட்சியே இல்லை. ஆனால் பயம் போய்விட்டது. மறுநாளே கடையைத் திறந்தேன். என் மூளையை எத்தனை தடவை வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நாளை ஒரு மருந்து வந்து, இன்று ஓடி விளையாடுகிற ஏதோ ஒரு பிள்ளைக்கு அது உதவட்டும்.

உயிர்த்தெழுந்த பண்டிகையன்று போதகர் அனுமதியோடு அம்மா சபைக்கு முன்னால் நின்றாள். “இவளுக்க அப்பா ஒரு நாளும் குடிச்சதில்ல. நோயாக்கும். டாக்டர் சொல்லியாச்சு” என்றாள். பிறகு போதகரைப் பார்த்துக் கேட்டாள்.

“அவரு செத்த அன்னைக்கு சபை விலக்குன்னு சொல்லி கோயில் மணி அடிக்கல்ல ஐயா. இண்ணைக்கு அடிக்கலாமா?”

போதகர் பிரசங்க பீடத்தை விட்டு இறங்கிப் போய் அவரே கயிற்றைப் பிடித்து இழுத்தார். பண்டிகை நாளில் சாவு மணி! சபை முழுவதும் எழுந்து நின்றது. அப்பாவை விலக்கிய மூப்பர்களில் இன்றும் உயிரோடு இருக்கிற ஒருவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு முதலில் எழுந்தார். மணி ஓயும்வரை அம்மா அண்ணன் பக்கத்தில் போய் நின்று, அவனுடைய ஆடுகிற கையைத் தன் கைக்குள் பிடித்திருந்தாள்.

பிரியமானவர்களே, உங்கள் ஜெபம் வெறுஞ்சுவரில் மோதித் திரும்புகிறது என்று சோர்ந்திருக்கிறீர்களா? நானும் அப்படித்தான் இருந்தேன். கோபம் வந்தால் அவரிடமே கோபப்படுங்கள், ஆனால் கேட்பதை விட்டுவிடாதீர்கள். நமக்குத் தெரியாத இடத்தில் அவர் வெகு முன்பே வேலையைத் தொடங்கியிருப்பார். எங்கள் வீட்டுக்கு அந்தப் பதில் வந்துசேர இருபத்தைந்து வருஷம் ஆனது. வந்தபோது அது எங்கள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தது.