குச்சிக் கண்ணாடி

கைகளால் வேலை செய்தே மேலே வந்த ஒருவர், மேலே வந்த பிறகு அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது? சிறு விமானங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றின் தலைமைச் செயலதிகாரி தினமும் காலையில் தொழிற்கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே வந்து நிற்கிறார். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். உள்ளே வேலை நடக்கும். அந்த அம்மாள் உள்ளே போவதில்லை.

பொறியாளராகச் சேர்ந்த காலத்தில் அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் பார்த்தவர்கள் குறைவு. வரைபட அறையிலிருந்து நழுவி வந்து விமானத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். கையில் குச்சிக் கண்ணாடி. பல் மருத்துவர் வாய்க்குள் விடுவாரே, அந்த மாதிரி காம்பின் நுனியில் காசளவு கண்ணாடி; காம்பை இழுத்தால் நீளும், தள்ளினால் பேனா அளவுக்குச் சுருங்கும். கண் எட்டாத மூலையில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பார். பார்த்து முடித்ததும் நீல மேலங்கியின் மார்புப் பையில் செருகிக்கொள்வார். தொழிலாளிகள் வைத்த பெயர், பல் டாக்டர். "பல் டாக்டர் வராங்கடா, வாயை மூடுங்க" என்று யாராவது கிசுகிசுத்தால், "மூடாதீங்க, நல்லாத் திறங்க. அப்பத்தானே சொத்தை தெரியும்" என்று விமானத்துக்குள்ளிருந்து குரல் வரும்.

சோதனைப் பிரிவு, உற்பத்திப் பிரிவு என்று படிப்படியாக உயர்ந்தார். நிறுவனம் மூழ்கப் போகிறது என்று பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டபோது தலைமைப் பதவி இவர் மடியில் வந்து விழுந்தது. மேலங்கி போய்க் கோட்டு வந்தது. பேச்சுச் சாமர்த்தியம் மட்டும் வரவில்லை. பங்குதாரர் கூட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கைதட்டலுக்கு இடமே இருக்காது. மதிய இடைவேளையில் யாரும் இல்லாத தொழிற்கூடத்துக்குள் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வருவதுதான் அவருக்குச் சாப்பாடு.

அவர் கொண்டுவந்த ஏற்பாடுகளில் முக்கியமானது கருவிப் பலகை. சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம். கருவியின் உருவம் அதன் பின்னால் கறுப்பில் வரையப்பட்டிருக்கும். ஒரு கறுப்பு உருவம் வெறுமனே தெரிந்தால் விமானம் கதவைத் தாண்டாது. உள்ளே மறந்துபோன ஒரு ஸ்பேனர், பறக்கும்போது எதில் போய்ச் சிக்கும் என்று யார் கண்டது? தொலைத்தவர் தானே வந்து சொன்னால் தண்டனை இல்லை. மறைத்தால் வேலை இல்லை. கருவியோடு வாசலைத் தாண்டியவர், யாராக இருந்தாலும், ஆறு மாதம் உள்ளே வரக்கூடாது. இதெல்லாம் இவரே போட்ட விதிகள்.

நிறுவனத்தின் முதல் மருத்துவ விமானம் தயாராகி, வாங்கப் போகிற மருத்துவமனைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று மாலை, குச்சிக் கண்ணாடியின் இடம் காலியாக இருந்தது. இருக்கைகளைக் கழற்றினார்கள். தரைத் தகடுகளைப் பெயர்த்தார்கள். மூடிய இறக்கையை மறுபடி திறந்தார்கள். அதைக் கடைசியாகப் பயன்படுத்திய மெக்கானிக் ஒரே பேச்சாக நின்றான்.

"மாட்டினேன் மேடம். மாட்டிட்டுத்தான் சாப்பிடப் போனேன்."

"மாட்டினா அங்க இருக்கணுமே தம்பி."

"அது எனக்குத் தெரியாது. நான் மாட்டினேன்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் சொன்னார்: "பொய் சொல்ற கை என் விமானத்துல படக்கூடாது. வீட்டுக்குப் போ."

அவன் அனுமதி அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் சலவைக்குப் போடக் கோட்டை எடுத்த கணவர் பையைத் துழாவினார். "என்னம்மா, மறுபடியும் பல் டாக்டர் ஆயிட்டியா?" என்று சிரித்தபடி குச்சிக் கண்ணாடியைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மதிய இடைவேளையில் மருத்துவமனைக்காரர்களுக்குச் சக்கரம் மடங்கும் இடத்தைக் காட்டும்போது பலகையிலிருந்து எடுத்திருக்கிறார். பேசிக்கொண்டே, பழைய மேலங்கியில் செருகுகிற மாதிரி, மார்புப் பையில் செருகியிருக்கிறார். கைக்குக் கோட்டும் மேலங்கியும் ஒன்றுதான்.

கணவர், "யாருக்கும் தெரியாம எங்கயாவது போட்டுடேன். கிடைச்சா சரின்னுதானே இருக்காங்க" என்றார்.

"எங்க போடறது? எல்லா இடமும் தேடிட்டாங்க. எங்க போட்டாலும், அங்க தேடினவன் ஒழுங்காத் தேடலைன்னு ஆகும்."

நேரே மெக்கானிக் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவனிடம் உள்ளங்கையை நீட்டினார். "என் பையில இருந்துச்சு."

அவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லார் முன்னாடியும் சொன்னீங்க மேடம்."

"தெரியும். சட்டையை மாட்டிட்டு வா. அங்கேயே சொல்றேன்."

சொன்னார். விமானத்தைச் சுற்றி நின்றவர்களிடம், கண்ணாடியை எடுத்தது தன் கைதான், பொய் சொன்னவன் யாரும் இல்லை, அவனை அப்படிச் சொன்னது தப்பு என்று மூன்றே வாக்கியம். குச்சிக் கண்ணாடியை அதன் இடத்தில் மாட்டினார். அவரோடு ஒரே காலத்தில் வேலைக்குச் சேர்ந்த ஃபோர்மேன், இறுக்கத்தைத் தளர்த்த, "டாக்டர் வீட்டுக்குப் போய் வைத்தியம் பார்த்திருக்காங்கப்பா" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் தன் அனுமதி அட்டையைக் கழற்றி ஃபோர்மேன் கையில் வைத்தார்.

"ஆறு மாசம்."

"மேடம், உங்களை யார் கேட்கப் போறாங்க?"

"அதுதான் அண்ணே பயமா இருக்கு."

பிரித்ததையெல்லாம் பூட்டி, சொன்ன தேதிக்குப் பிந்தித்தான் விமானம் போய்ச் சேர்ந்தது. ஆறு மாதமும் போனது. அவர் அட்டையைக் கேட்கவில்லை. அவமானம் இன்னும் ஆறவில்லை என்கிறார் கணவர். வீம்பு என்கிறார் ஃபோர்மேன். நேர்மை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எல்லோருக்கும் வசதி. ஆனால் நேர்மைக்கு ஆறு மாதம் போதுமே. மிச்சக் காலம் எதற்கு? இப்போது கருவிப் பலகைக்குப் பொறுப்பாளன் அந்த மெக்கானிக்தான். அவனைக் கேட்டால் பலகையைத் துடைக்கத் திரும்பிவிடுவான். அந்த அம்மாளைக் கேட்டால், "வேலையைப் பாருங்க" என்பார்.

போன வாரம் ஒரு காலை. ஃபோர்மேன் மேஜை இழுப்பறையிலிருந்து அந்த அட்டையை எடுத்துவந்து, கண்ணாடிச் சுவரின் உள்பக்கமாக அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். அதிலிருந்த தன் படத்தை அவர் பார்த்தார். பிறகு ஃபோர்மேனின் தோளுக்கு மேலாகப் பலகையைப் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவருடைய வலது கை தானாக எழுந்து மார்புப் பைவரை போயிற்று. பையைத் தொட்டுப் பார்த்தது. பிறகு கீழே இறங்கி, முதுகுக்குப் பின்னால் போய், மற்றக் கையைப் பிடித்துக்கொண்டது.