காட்சிக்கு வைத்த கல்லறைக் கற்கள்

ஈப்போவில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பிளான் போட்டே பழகிய எனக்கு, சிற்பிகளுக்கான பட்டறைகளும் ஒரு கலைக்கூடமும் கட்டும் வேலை வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பழைய ரப்பர் தோட்டமொன்றை வாங்கியிருந்த வியாபாரி, அங்கே ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்ட செங்கல் கட்டடத்தையே மாற்றிக் கட்டச் சொன்னார்.

தைப்பிங்கிலிருந்து வந்த சிற்பி அக்காதான் அங்கே முதலில் வேலை செய்யப் போகிறவர். பளிங்கைக் குடைந்து குடைந்து, உள்ளே இருக்கும் வெற்றிடத்தையே உருவமாக்குவார். அவர் சிற்பங்களைத் தடவித் தடவிப் பார்த்துத்தான் சுவர்களை வளைத்தேன். வெளிச்சம் மேலிருந்து மட்டும் இறங்கும்படி கூரையைத் திறந்தேன்.

திறப்பு விழாவன்று இருவரும் சேர்ந்தே உள்ளே போனோம். அக்காவின் சிற்பங்களுக்கு நடுவே, நான் காலியாக விட்டிருந்த இடத்தில், விளக்கு போட்டுச் சில கற்களை நிறுத்தியிருந்தார்கள். கிட்டே போனால் தமிழ் எழுத்து. தோட்டத்து இடுகாட்டுக் கற்கள். ஒன்று தலைகீழாக நின்றது. பிறந்த வருடமும் இறந்த வருடமும் ஒன்றாயிருந்த ஒரு சின்னக் கல்லைப் படுக்கவைத்திருந்தார்கள். அதன்மேல் யாரோ பாதி கடித்த கறிபாப் பலகாரத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். எண்ணெய் எழுத்துக்குள் இறங்கியிருந்தது.

கறிபாப்பை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

"அண்ணே, இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?" என்று வியாபாரியைக் கேட்டேன்.

"பின்னாடி பார்க்கிங்குக்கு நிலத்தைச் சமன் பண்ணப்ப கிடைச்சதுமா. நல்லா இருக்குலா? பழைய தோட்டத்து ஃபீலிங்."

"அது சமாதிண்ணே. கீழே ஆளு இருக்கு."

"சொந்தக்காரங்க யாரு இருக்கா இங்க? எல்லாம் ஜெலாப்பாங் அங்க இங்கன்னு போய்ட்டாங்க. சும்மா கிடந்த கல்லுதானே." பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் துழாவிக்கொண்டே சொன்னார்.

அக்கா கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து அந்தச் சின்னக் கல்லைத் துடைத்தார். பிறகு, "இது இங்க இருந்தா என் சிற்பம் ஒண்ணுகூட இங்க இருக்காது. இப்பவே லோரி கூப்பிடுறேன்," என்றார். வந்தவர்கள் திரும்பிப் பார்த்த பிறகுதான் அந்த மனிதர் இறங்கி வந்தார்.

"சரி, நாளைக்கு எடுத்துட்டுப் போங்கலா."

மறுநாள் ஆள் வைத்துக் கற்களைத் தூக்கினோம். திருப்பி வைக்க இடமில்லை. பின்புறம் முழுக்கத் தார் போட்டிருந்தார்கள். எந்தக் கல் யார் தலைமாட்டில் நின்றதென்று சொல்ல ஆளில்லை. வேலியோரம் மிஞ்சியிருந்த ரப்பர் பால்மரங்களுக்கடியில் வரிசையாக நட்டோம். நாங்களும் அலங்காரம்தான் செய்கிறோமோ என்று தோன்ற, என்மேலேயே வெறுப்பு வந்தது.

அக்கா பிறகு அங்கே வேலை செய்ய வரவேயில்லை. நான் ஆசையாய் வளைத்த சுவர்களுக்குள் இப்போது கல்யாணப் போட்டோ எடுக்கிறார்கள். வாசலில் என் பெயரைப் பதிக்கப்போவதாக வியாபாரி போன் செய்தார். வேண்டாமென்று சொன்னேன். ஏனென்றே அவருக்குப் புரியவில்லை.