கத்திச் சாக்கு

எங்கள் பழைய மேனேஜர் இறந்துபோனார் என்று தாக்கல் வந்தபோது எங்கள் கேப்டன் காறித் துப்பினான். கோடையில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் உட்கார்ந்து கிழிந்த பந்தைத் தைத்துக்கொண்டிருந்தோம். அதுதான் எங்கள் மைதானம். தாக்கல் சொன்னவன் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தவன். "மலைக்காய்ச்சல். மூணு நாளாப் பெனாத்திக்கிட்டே கெடந்தாக. விடியக்காலம் போயிட்டாக," என்று சொல்லிவிட்டு, கேப்டன் துப்பிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"செத்தது ஒங்க மேனேஜரு. எங்ககிட்ட எதுக்குலே சொல்ற?" என்றான் கேப்டன். அவன் என் தாய்மாமன் மகன், எனக்கு மச்சான். சரியாக மடங்காத இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அந்தக் காலை ஒடித்தது அக்கரைக்காரன். அது ஒடிந்த அன்று நடந்ததால்தான் எங்கள் டீம் மேனேஜரை இழந்தது. அதற்குக் காரணம் யார் என்று கண்மாய்க்குள் உட்கார்ந்திருந்த பதினோரு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மேனேஜர் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். தேனியில் ஒரு பஞ்சு ஆலையில் மூட்டை எடை போடும் குமாஸ்தா அவர். வாலிபத்தில் மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். அங்கே துரைமார் பந்து ஆடுவதைப் பார்த்திருக்கிறார். அந்த டீமுக்கு ஒரு மேனேஜர் இருந்தாராம். மலையிலிருந்து இறங்கும்போது ஒரு பழைய பந்தும், அந்தப் பட்டமும், மலையாளம் பேசும் கூலியாட்களிடம் கற்ற நாலு வார்த்தையும் கொண்டுவந்தார். ஆட்டத்தை நிறுத்த விசில் ஊத மாட்டார். கையை உயர்த்தி "மதி, மதி" என்பார். போதும் என்று அர்த்தம்.

அவர் பிறந்தது எங்கள் ஊர், பெண் கட்டியது அக்கரையில். நாங்கள் அண்ணே என்றும், அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவோம்.

அந்தக் காலத்தில் நாங்கள் ஆடியதற்குக் கால்பந்து என்று பெயர். பந்தைவிட எதிராளியின் காலைத்தான் அதிகம் உதைத்தோம். வெறுங்கால்தான் எல்லோருக்கும். முழங்காலுக்குக் கீழே தோல் உரியாமல் வீடு திரும்பியவனை ஆடாதவன் என்று கேலி செய்வோம். அக்கரையோடு ஆட்டம் என்றால் ஒரு பல்லாவது கீழே விழாமல் முடிந்ததில்லை. தோற்ற ஊர்க்காரன் வரப்புத் தகராறு, மாடு மேய்ந்த தகராறு எல்லாவற்றையும் அந்த மைதானத்திலேயே தீர்க்கப் பார்ப்பான். ஆண்பிள்ளை என்றால் இடுப்பில் சூரிக்கத்தி இருக்கும். வெற்றிலைக் காம்பு கிள்ளவும் அதுதான், ஆளைக் கிழிக்கவும் அதுதான்.

அதற்கு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு டீமும் அவர் முன்னால் வரிசையாக வரவேண்டும். பஞ்சு ஆலையிலிருந்து கொண்டுவந்த ஒரு கோணிச் சாக்கை விரித்துப் பிடிப்பார். "போடு," என்பார். கத்தியைப் போடவேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் போடவேண்டும். பிறகு சாக்கின் வாயைச் சுருட்டி, அதன் மேல் பனந்தடுக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நாங்கள் கோல் போட்டாலும் எழுந்திருக்க மாட்டார். ஒருவன் இன்னொரு கத்தியை ஒளித்து வைத்திருந்தால் அதையும் கண்டுபிடித்துவிடுவார். "ஓடுகையில இடுப்பத் தொட்டுத் தொட்டுப் பாக்கான் பாரு, அவனக் கூப்பிடு," என்பார். ஆட்டம் முடிந்ததும் எழுந்து, முப்பது நாற்பது கத்தியையும் ஒவ்வொன்றாக எடுத்து, கேட்காமலே உரியவன் கையில் கொடுப்பார். ஒன்றுகூட மாறியதில்லை. அவனவன் கத்தியைத் திரும்ப வாங்கும்போது ஏனோ வெட்கமாக இருக்கும். சத்தமில்லாமல் வீட்டுக்குப் போவோம்.

மச்சானின் கால் ஒடிந்த ஆட்டத்தில் நான் பேக் ஆடினேன். அக்கரை பார்வர்ட் ஒருவன் ஓடிவந்து பந்தை விட்டுவிட்டு மச்சானின் முழங்காலுக்குக் கீழே மிதித்தான். காய்ந்த மொச்சைக் காய் உடைகிற மாதிரி சத்தம் கேட்டது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. மச்சான் கத்தவில்லை, மண்ணைக் கடித்துக்கொண்டு கிடந்தான். எனக்கு எதுவும் தோன்றவில்லை. சாக்கைப் பார்த்து ஓடினேன்.

எனக்குப் பின்னால் இரண்டு ஊரும் சாக்கைப் பார்த்து ஓடிவந்தது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. நான் முட்டித் தள்ளியதில் மல்லாந்தார், அப்போதும் சாக்கின் வாயை வலது கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். சாக்கைக் கிழித்துக் கையை விட்டேன். மாட்டுக் கொம்புப் பிடி போட்ட என் கத்தியே கையில் தட்டுப்பட்டது. கத்தியோடு சாக்கையும் பிடுங்கினேன், அவர் விடவில்லை. "மதிடா, மதி," என்றார். விடாத அந்தக் கையின் மேல் வெட்டினேன். தெரியாமல் பட்டது என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். தெரிந்துதான் வெட்டினேன். மோதிர விரலும் சுண்டு விரலும் சாக்கின் மேல் கிடந்தன.

அதைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டேன். அதற்குள் எங்கள் மேல் பத்து இருபது பேர் விழுந்துவிட்டார்கள். அந்த நெரிசலில் அவர் ரத்தக் கையைச் சாக்கின் மேலேயே அழுத்திக்கொண்டு, இடது கையால் என் கத்தியை எடுத்துத் தன் மடியில் சொருகிக்கொண்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அன்று வேறு யாருக்கும் கத்தி கிடைக்கவில்லை. ஒரு உயிரும் போகவில்லை.

கேட்டவர்களிடம் எல்லாம், "சாக்கை இழுக்கையில கத்தி பட்டுருச்சு," என்றார். எங்கள் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அக்கரைக்காரன்தான் வெட்டினான், அண்ணன் கலவரத்துக்குப் பயந்து மறைக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவர் மாமனார் ஊருக்கே குடிபோய், அந்த டீமுக்கு மேனேஜர் ஆனார். "வெரலை வெட்டுனவன் காலுலயே போயி விழுந்துட்டான்," என்று மச்சான் ஊரெல்லாம் பேசினான். அதன் பிறகு மூன்று வருஷம், அவர் டீமோடு ஆட்டம் வரும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் அவரைத் துரோகி என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன், அப்போதுதானே என் மேல் சந்தேகம் வராது. எப்பேர்ப்பட்ட பிறவி நான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

மூன்று விரல் கையால் அவர் சாக்கை விரித்துப் பிடிப்பார். என் முறை வரும். நான் வேறு கத்தி வாங்கவில்லை. "இல்ல," என்பேன். தலையாட்டிவிட்டு அடுத்தவனைப் பார்ப்பார்.

இப்போது அவர் செத்துப்போனார். அவரிடம் சொல்லிக்கொள்ள எனக்கு இனி வழியில்லை. ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. பத்து அடியாவது அவரைத் தோளில் சுமக்க வேண்டும். அதை மச்சானிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தாக்கல் சொன்னவனே வழி செய்துவிட்டான்.

"பொறந்த ஊர்ச் சுடுகாட்டுலதான் எரிக்கணும்னு சொல்லிருந்தாகளாம். மத்தியானம் எங்க டீம்தான் தூக்கிட்டு வருது," என்றான்.

மச்சான் ஊசியைக் கீழே வைத்தான். "எங்க ஆளை, எங்க சுடுகாட்டுக்கு, நீங்க தூக்கிட்டு வருவீகளா?"

சற்று முன் துப்பியவன்தான் அவன். நொண்டிக்கொண்டே எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். மற்றவர்களும் எழுந்தார்கள். எல்லோர் கண்ணிலும் தண்ணீர் நின்றதை அப்போதுதான் கவனித்தேன். மூன்று வருஷம் ஏசியதெல்லாம் பாசம் போன வழி என்று அன்று விளங்கியது. எங்கள் ஊரில் ஆண்கள் அழத் தெரியாமல் அடிக்கப் போவார்கள்.

அக்கரைக்கும் எங்களுக்கும் நடுவில் முல்லையாறு. அன்று முழங்கால் அளவுதான் தண்ணீர். நாங்கள் ஆற்றுக்கு நடுவில் போய் நின்றுகொண்டோம். கொட்டுச் சத்தம் கேட்டது. கொள்ளிச்சட்டியோடு அவரோடு கூடப்பிறந்தவரின் மகன் முன்னால் வர, பின்னால் பாடை வந்தது. தூக்கியிருந்த நால்வரும் அக்கரை டீம். அவர்களுக்குப் பின்னால் பஞ்சு ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் எட்டுப் பேர் வந்தார்கள்.

"இங்கன எறக்குங்க," என்றான் மச்சான். "இதுக்கு மேல நாங்க தூக்கிக்கிருவோம்."

"கடைசி மூணு வருசம் சோறு போட்டது நாங்க," என்றான் அவர்கள் கேப்டன்.

"வெரலை வெட்டுனதும் நீங்கதானலே! அந்தக் கையாலயா தூக்குறீக?"

முதல் அடியை யார் அடித்தது என்று தெரியாது. பாடையைப் படக்கென்று மணல்திட்டில் வைத்தார்கள். ஆட்டத்துக்குப் போகும்போது கத்தியோடுதான் போவோம், வாங்கி வைக்க ஆள் இருக்கிறார் என்ற தைரியம். அந்தப் பழக்கத்தில் இழவுக்கும் கத்தியோடு போயிருந்தோம், அவர்களும் அப்படித்தான். வாங்கி வைக்கிறவர் மணலில் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக் கிடந்தார்.

எங்கள் லெப்ட் அவுட்டின் காது பாதி அறுந்து தொங்கியது. அவர்களில் ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்தான், அவனைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது. கல்லெடுத்து மண்டையில் போட்டார்கள். முடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார்கள். பாடை மாலையெல்லாம் மிதிபட்டது. ஒருவன் எகிறி விழுந்ததில் பாடையே ஒரு பக்கம் சாய்ந்து, துணிக்குள்ளிருந்து அந்த வலது கை வெளியே வந்தது. மச்சான் அதைப் பார்த்தான். கத்தியை உருவிக்கொண்டு அவர்கள் கேப்டனைப் பார்த்துப் போனான். "எந்தக் கையிலே வெட்டுனீக? சொல்லு, எந்தக் கை?"

அவன் கண்ணில் கொலை இருந்தது. நான் பாடையின் மேல் ஏறாத குறையாக நின்று கத்தினேன்.

"வெட்டுனது நான்! அவுக இல்ல, நான்!"

மச்சான் திரும்பினான். "என்னலே சொன்ன?"

"ஒன் காலு ஒடிஞ்சப்ப சாக்குல கைய விட்டேன். அண்ணன் விடல. நான்தான் வெட்டுனேன்."

அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். பிறகு மச்சான் கத்தியைப் போட்டுவிட்டு, பாடை கட்டியதில் மிச்சமாகி யாரோ ஊன்றி வந்த பச்சை மூங்கிலைப் பிடுங்கினான். முதல் வீச்சில் என் தாடை உடைந்தது. விழுந்தவனை விலாவில் உதைத்தது அக்கரைக் கேப்டன். அப்புறம் யார் யார் என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டு டீமும் இருந்தது என்பது மட்டும் தெரியும். இத்தனை வருஷம் அடித்துக்கொண்ட இரண்டு ஊரும் ஒன்றாகச் சேர்ந்து ஆடிய ஒரே ஆட்டம் அதுதான். பந்து நான். அழுதுகொண்டே உதைத்தார்கள். "எங்க அண்ணன, எங்க அண்ணன," என்று ஒவ்வொரு உதைக்கும் சொன்னார்கள். எனக்கு வலித்தது. வேண்டியும் இருந்தது.

மூட்டை தூக்குகிறவர்கள் பார்த்தார்கள். அவர்களுக்குப் பந்தும் தெரியாது, டீமும் தெரியாது. எடை சரியாகப் போட்ட குமாஸ்தா என்பது தெரியும். எட்டில் நாலு பேர் குனிந்து பாடையைத் தூக்கி, எங்களைச் சுற்றிக்கொண்டு கரையேறிவிட்டார்கள். என்னை உதைத்து முடித்துவிட்டு எல்லோரும் திரும்பியபோது மணல்திட்டு காலியாக இருந்தது. ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கொள்ளி வைத்தாகிவிட்டது. இருபத்திரண்டு பேரில் ஒருவனும் ஆற்றைத் தாண்டி அவரைச் சுமக்கவில்லை. நான் தண்ணீரிலேயே கிடந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம் மதினி ஆள் விட்டார். எலும்பு வைத்தியர் என் தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் தலைக்கு மேல் முடிச்சுப் போட்டிருந்தார். செத்தவருக்கும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். ஆற்றைக் கடந்து போனேன். மதினி என் தாடைக் கட்டைப் பார்த்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி," என்றார். "அந்த ஊர்ல இருந்தா தானே வாய் தவறிச் சொல்லிருவோம்னு பயந்துக்கிட்டே இருந்தாக. தெரிஞ்சா ஒன் மச்சான் ஒன்னையக் கொன்னுருவான்னுதான் இங்கன குடிவந்தாக."

சுவரோரம் தகரப் பெட்டி இருந்தது. அதைத் திறந்து ஒரு துணிச்சுருளை எடுத்துப் பிரித்தார். மாட்டுக் கொம்புப் பிடி. துருவில்லை. எண்ணெய் வாசம் அடித்தது.

"மாசம் ஒருக்க எண்ணெ போட்டுத் தொடைப்பாக. ஆட்டம் முடிஞ்சா அவனவன் சாமானை அவனவன்கிட்டக் குடுத்துரணுமாமே. ஒன்னோடது ஒண்ணுதான் குடுக்காமக் கெடக்குன்னு காய்ச்சல்லயும் அதையே பெனாத்துனாக. குடுத்துற வேண்டியதுதானேன்னா, 'அவனுக்கு இன்னும் ஆட்டம் முடியலடி'ன்னாக." கத்தியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "முடிஞ்சிருச்சா தம்பி?"

வாய் கட்டியிருந்தாலும் தலையாட்ட முடியும். கத்தியைப் பார்த்தேன். மூன்று வருஷமாகக் கத்தி இல்லாமல் நடந்தவன் நான். அதைப் பார்த்ததும் என் கை தானாக நீண்டது. அண்ணன் ஞாபகம் வரவில்லை. மூங்கிலை ஓங்கிய மச்சானின் கழுத்துதான் கண்ணுக்குள் நின்றது.

கையை இழுத்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினேன்.

மதினி கத்தியை மறுபடி துணியில் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தார். மூடியை அழுத்திப் பூட்டினார். பூட்டிய பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, "சரி, போயிட்டு வா," என்றார்.