ரேகை விழாத கை

பழைய பெயின்ட்டை உரிக்கிற வேலையைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. பெயின்ட் அடிக்கிறவனுக்குப் பேர் உண்டு. நசுங்கிய கதவை டிங்கரிங்காரன் தட்டி நிமிர்த்தினால் வேடிக்கை பார்க்க நாலு பேர் நிற்பார்கள். உரிக்கிறவன் பக்கத்தில் எவனும் நிற்கமாட்டான். பெயின்ட்டை இளக்குகிற ரிமூவரின் நாற்றம் குடலைப் பிடுங்கும். திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து ஷெட்டில் நான் அந்த வேலையைத்தான் செய்தேன். கன்டெய்னர் லாரியின் கேபின் கதவோ மீன் வண்டியின் பானெட்டோ, எது வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும்.

ரிமூவரைப் பிரஷ்ஷால் தகட்டின்மேல் தடிமனாகப் பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பெயின்ட் அப்பளம்போலப் பொரிந்து எழும்பும். அதை வழித்தெடுத்துவிட்டுத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதுவரை எவனும் செய்துவிடுவான். அதற்கு மேல்தான் விஷயமே. ஈரத் தகட்டில் கண்ணை நம்பக் கூடாது. பளபளவென்று சுத்தமாகிவிட்டதுபோல இருக்கும். விரல் நுனியால் தடவினால்தான் அங்கங்கே தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பெயின்ட் தெரியும். அதை விட்டுவிட்டால் மேலே அடிக்கிற புது பெயின்ட் அடுத்த மழைக்கே கொப்புளம் கட்டிவிடும். ஷெட் மேஸ்திரியை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அடிப்பூச்சான பிரைமர் அடிப்பதற்கு முன்னால் அவர் கேட்பது ஒரே கேள்வி. "வெரல் இன்னா சொல்து?"

கையுறை போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. போட்டுப் பார்த்தோம் ஐயா. மெல்லிய கையுறை ரிமூவர் பட்டதும் உப்பிக் கிழிந்தது. தடித்ததைப் போட்டால் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. போதாததற்கு எங்கள் பக்கத்துக் கடற்காற்று. உரித்த தகட்டைப் பிரைமர் அடிக்காமல் ஒரு ராத்திரி விட்டால் காலையில் துரு பூத்திருக்கும். அதனால் எல்லாமே அவசரம். ரிமூவர் கையில் பட்டால் முதலில் சில்லென்று இருக்கும், பிறகுதான் எரியும். எரிகிறதே என்று கழுவப் போனால் நைனா கத்துவார்.

இருமல் விடாமல் பிடித்தபோது டாக்டர், இந்த வேலையை விட்டால்தான் உயிர் பிழைப்பாய் என்று சொல்லிவிட்டார். என் மனைவியின் அண்ணன் ஒரு கன்டெய்னர் யார்டில் இருந்தார். வந்து இறங்குகிற பெட்டிகளின் நம்பரைப் பார்த்துச் சொல்கிற வேலை ஒன்று அங்கே காலி என்று அலைந்து திரிந்து எனக்குப் பேசி முடித்தார். காற்றோட்டமான வேலை. எனக்கு விடிவு காலம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

சேரப் போன அன்று யார்டு கேட்டில் வருகைப் பதிவுக்கு ஒரு கைரேகை மிஷின். கட்டைவிரலை வைத்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தேன், மறுபடி சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. "அண்ணே, நல்லா அமுக்கி வெய்ங்க" என்றார் காவலாளி. உள்ளேயிருந்து வந்த அதிகாரி என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, ரேகையே இல்லையே?"

கூட வந்திருந்த மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் இருக்கிற திருடன் எல்லாம் ஏங்குகிற வரம், ஒரு பாவமும் அறியாத எனக்குக் கிடைத்திருக்கிறது! அதிகாரி நல்ல மனுஷர்தான். ஆடி கழிந்து மறுபடி ஆள் எடுப்போம், அதற்குள் கை ஆறி ரேகை விழுந்தால் வேலை உண்டு, இல்லையென்றால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி அழவில்லை. இட்லிப் பானையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இனிமே ஷெட்டு பக்கம் தல வெச்சிப் படுக்காத. கை தேற வரிக்கும் வூட்லயே குந்து."

"குந்திகினு? அடுப்பு எப்படிமே எரியும்?"

"நைனாகிட்ட நா பேசறேன். உன் எடத்துல நா போறேன்."

அவள் காலையில் வாசலில் இட்லி சுட்டு விற்பாள். அதில் வருவது அரிசி உளுந்துக்கே சரியாகப் போய்விடும். எனக்கு அது தெரியாதா? ஆனாலும் சண்டை போட்டேன். உன் கையும் என் கை மாதிரி ஆகிவிடும் என்று கத்தினேன்.

"ஆனா ஆவட்டும். என் கைய எந்தக் கேட்டுல கேக்கப் போறான்?" என்றாள்.

அப்படித்தான் அவள் போகத் தொடங்கினாள். நான் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு டம்ளரைக் கழுவக்கூட என்னை விடமாட்டாள். மீனுக்கு முள் எடுத்து வைத்துவிட்டுப் போவாள். எதிர்வீட்டுக்காரன் தினமும் எட்டிப் பார்ப்பான். "இன்னா மாமு, புள்ள பெத்தவ மாதிரி பத்தியமா கீற?" சிரித்து வைப்பேன். உள்ளே எரியும். ஆம்பளையாகப் பிறந்து பெண்டாட்டியை நான் உரித்த தகட்டுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, என் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப்போகலாம் போல இருந்தது. இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வந்து குளித்துவிட்டு என் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். எத்தனை சோப்பு போட்டாலும் அவள்மேல் ரிமூவர் நாற்றம் போகாது. தடவுகிற விரல்களின் நுனி வெளுத்து உரிந்திருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. "அந்த கிளவுஸ போடேன்மே" என்பேன்.

"போட்டா வெரலுக்கு ஒண்ணும் தெர்ல. நைனா கேக்கசொல்லோ இன்னான்னு சொல்றது?"

என் வேலையை அவள் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாள்.

ஆடி கழிந்தது. என் கட்டைவிரலில் கோடுகள் மெல்ல எழும்பியிருந்தன. யார்டுக்குப் போனேன். முதல் தடவை சிவப்பு. சட்டையில் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். "விழுந்துட்ச்சிண்ணே!" என்று காவலாளி கைதட்டினார். பச்சை விளக்கு. மறுநாளிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார்கள். பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன்.

வீடு பூட்டிக் கிடந்தது. அன்று ஷெட்டில் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். வாசலிலேயே காத்திருந்தேன். வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அரிசி வரலியா?"

"அரிசிலாம் கீது. வெரல்தான் விழல."

கடையில் கைரேகை மிஷின் வந்த நாளிலிருந்து எங்கள் கார்டுக்கு விரல் வைப்பது அவள்தான். ஒரு தடவையும் தவறியதில்லை. அன்று எல்லா விரலையும் வைத்துப் பார்த்திருக்கிறாள். விரல் விழாதவர்களுக்குக் கண்ணைப் படம் பிடிக்கிற மிஷினும் ரிப்பேராம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்தியிருக்கிறார்கள். கார்டில் பேர் இருக்கிற வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். அவள் கையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். கழுவிவிட்ட பீங்கான் மாதிரி இருந்தது.

"உன்து இன்னா ஆச்சி?" என்றாள்.

"விழுந்துட்ச்சிமே."

அவள் சிரித்தாள். எனக்காகச் சிரித்த சிரிப்பில்லை, நிஜமாகவே சிரித்தாள். "அப்பறம் இன்னா? ஒரு வூட்டுக்கு ஒரு வெரலு போறாதா?"

கார்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். விரல் வைத்து அரிசியும் பாமாயிலும் வாங்கி வந்தேன். நாளையிலிருந்து ஷெட்டுக்குப் போகாதே என்றேன். கெஞ்சினேன், பிறகு திட்டினேன். "இந்த அரிசி எத்தினி நாளிக்கி வரும்? மொத சம்பளம் வர வரிக்கும் இன்னாத்த துன்றது?" என்று கேட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினோம். நான் எண்ணூர் பஸ்ஸுக்கு நின்றேன், அவள் ஷெட் சந்துக்குள் திரும்பினாள். கேட்டில் விரலை வைத்ததும் முதல் தடவையிலேயே பச்சை எரிந்தது. அந்த மிஷினை அங்கேயே அடித்து உடைக்க வேண்டும்போல இருந்தது எனக்கு.