கைமாறிய ஐசி

நான் மலேசியாவில், உலு திராமில் வசிக்கிறேன். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் சேகர், தமிழ்நாட்டிலிருந்து வந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சக ஊழியர் ஒருவர் தன் பிறந்தநாள் விருந்தை ஜொகூர் பாருவில் ஒரு கிளப்பில் வைத்தார். அங்கே வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை.

“ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தாடி, அத மட்டும்தான் பாப்பாங்க லா, என் ஐசிய காட்டு,” என்று பெரிய புத்திசாலிபோல என் அடையாள அட்டையைச் சேகரிடம் கொடுத்தேன். நான் காட்டுவதற்கு ஓட்டுநர் உரிமம் இருந்தது.

வாசலில் நின்ற காவலர் தமிழர். அட்டையையும் சேகரையும் மாறி மாறிப் பார்த்தவர், சிரித்தபடி, “காலையில எங்க பசியாறுனீங்க, தம்பி?” என்று கேட்டார்.

இங்கே காலைச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்வோம். சேகருக்கு அது தெரியாது.

“எனக்குப் பசியில்லண்ணே,” என்றான்.

காவலரின் சிரிப்பு நின்றது. என் உரிமத்தையும் கேட்டு வாங்கினார். இரண்டிலும் ஒரே பெயர். இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

“போலீஸ கூப்பிட்டா இவரு வேலை பெர்மிட் போயிரும். ஐசி குடுத்த உங்களுக்கு என்னா ஆவும், தெரியுமா?” அவர் குரலை உயர்த்தவே இல்லை. அட்டைகளைத் திருப்பித் தந்து, “போங்க. படம் என்கிட்ட இருக்கட்டும்,” என்றார்.

விருந்துக்குப் போகாமலே இருவரும் வீடு திரும்பினோம்.

இப்போதெல்லாம் என் ஐசியை யார் கையிலும் கொடுப்பதில்லை. காலையில் கேன்டீனில் யாராவது “பசியாறியாச்சா?” என்று கேட்டால், அந்தக் காவலரோ என்று திரும்பி முகத்தைப் பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.